யார் கேட்டாலும்

மேற்கு மலைக்கு இந்தப் பக்கம், காற்றாடிகள் வரிசை கட்டி நிற்கிற பொட்டல்காட்டின் நடுவே, செல்போன் சிக்னல் மொட்டை மாடி வரைக்கும் வந்து தரைக்கு இறங்க மனமில்லாமல் திரும்பிப் போகிற ஊசிப்பாறை என்கிற ஊரில், 'மாட்டேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வயது வரைக்கும் மரியாதையாகப் பிழைத்துவந்தவள் செண்பகவல்லி. பெண் பார்க்க வந்தவர்களிடம் மாட்டேன் என்றாள். பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தா என்று கேட்டவர்களிடம் மாட்டேன் என்றாள். கோயில் கமிட்டி தலைவர் கொம்பையாவே வந்து வாசலில் நின்று, கொடைக்கு ஒலிபெருக்கி கட்ட உன் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து கரண்டு இழுத்துக்கலாமா தாயி என்று கேட்டபோதும் மாட்டேன் என்றாள். அவள் வாயிலிருந்து சரி என்ற வார்த்தையை வாங்குவதற்குள் மழையே வந்துவிடும் என்று ஊர் கேலி பேசும், அந்த ஊரில் மழை வருவது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேலியின் கனம் புரியும்.

அவளுடைய கம்ப்யூட்டர் ரூம் சுடலைமாடன் பீடத்துக்கு நேர் எதிரே இருந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, பரீட்சை ரிசல்ட்டு எல்லாம் அங்கேதான். இருந்தது ஒரே லேப்டாப், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது, அதன் வைஃபை என்றைக்கோ செத்துவிட்டது. ஆகவே போனை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, அதிலிருந்து ப்ளூடூத் வழியாக இண்டர்நெட்டைக் கீழே இறக்கி வேலை பார்த்தாள். அதில் ஒரே ஒரு தொல்லை. காற்று பலமாக அடித்தால் இணைப்பு அறுந்துவிடும், அறுந்தால் இரண்டு கருவியும் புதிதாகப் பழகுகிற மாதிரி ஆளுக்கொரு எண்ணைக் காட்டி, இது உனக்குத் தெரிந்த ஆள்தானா, இணைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும், செண்பகம் மாடிப்படி ஏறிப் போய் 'ஆம்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி வரவேண்டும். ஆனி மாதத்தில் அந்த ஊரில் காற்று பலமாக அடிக்காத நேரம் என்று ஒன்று கிடையாது.

மூட்டு வலி தாங்காமல் ஒரு மத்தியானம் அவள் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. போன் பக்கத்தில் இருக்கிறதா பார், இருந்தால் இணை, அறுந்தால் மறுபடி இணை, கேட்டால் 'ஆம்' என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். கேட்பது யார் என்று பார்த்துவிட்டுச் சொல் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். கை அந்த இடத்தில் கொஞ்சம் நின்றதும் உண்மை. ஆனால் ஊசிப்பாறையில் யார் அந்நியர், தெரு முனையில் இருமினால் இன்னார் என்று சொல்லிவிடுகிற ஊரில் யார் என்று கேட்பதே அவமரியாதையாகத்தானே இருக்கும் என்று நினைத்து அந்த வரியை விட்டுவிட்டாள். எல்லாம் நம்ம ஆளுகதானே. வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் இந்தப் பிழையைச் செய்திருக்கவே மாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மாடனுக்குக் கொடை, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற திருவிழா. அங்கே ஆட்டைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் அது சம்மதம் சொன்னதாக அர்த்தம், அதற்கப்புறம்தான் அரிவாள். சில ஆடுகள் பொழுதுக்கும் உதறாமல் நின்று சாமியாடியின் உயிரை வாங்கும். ஆனால் அந்த வருஷம் கொம்பையாவின் கிடா முதலில் வந்து நின்றது, அவர் சொம்பைக் கையில் எடுத்தார், தண்ணீரைத் தெளிக்கவில்லை, கையைக் கூட நனைக்கவில்லை, கிடா தலை முதல் வால் வரை உதறியது. பின்னால் கயிற்றில் வரிசையாக நின்ற ஆடுகளும் உதறின. பீடத்தைச் சுற்றி இரை பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகள், இவற்றை யாருமே கேட்கவில்லை, அவையும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றன. மாடன் இந்தத் தடவை நல்ல சந்தோசத்துல இருக்காரு என்றார் கொம்பையா. ஊர் குலவையிட்டது. செண்பகம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மட்டும் திரும்பி, ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை ஒரு தடவை பார்த்தாள்.

மறுநாள் காலையில் டீக்கடைப் பிச்சுமணி வழக்கம்போல அவளுக்கு டீ கொண்டுவந்தான். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி, ரேசன் கார்டில் பேரை நீக்கிக்கொண்டு போக அதே நேரத்தில் அங்கே வந்து நின்றாள். "வீட்டுக்கு வாறியா?" என்று பிச்சுமணி கேட்டான், வழக்கமாக வாங்குகிற ஏச்சை வாங்கிக்கொள்ளத் தயாராக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் "சரி" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, நடந்தே போய்விட்டாள், மத்தியானம் சோறும் பொங்கினாள். பிச்சுமணி சாயங்காலம் வந்து செண்பகத்தின் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஊர் இதற்கெல்லாம் மலைத்துப்போய் நிற்கிற ஊர் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, அவரவர்க்கு யாரிடம் சம்மதம் வாங்கவேண்டியிருந்ததோ அவர்களைச் செண்பகத்தின் வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. சோறு தின்னாத பிள்ளைகள் அங்கே வாய் திறந்தன. கறக்க விடாத மாடு காலைத் தூக்காமல் நின்றது. படிப்பை நிறுத்துகிறாயா என்று கேட்டால் பெண்பிள்ளைகள் சரி என்றார்கள், இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்றால் சரி, அந்த வயலை அண்ணன் பேருக்கு எழுதித் தந்துவிடுகிறாயா என்றால் அதற்கும் சரி. எது வரைக்கும் அந்தச் சக்தி எட்டுகிறது என்று ஆட்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, லேப்டாப்பிலிருந்து முப்பதடி என்று கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றினார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே ஆளிடம் எதிரும் புதிருமாகக் கேட்டால் என்ன ஆகும் என்ற சந்தேகமும் சீக்கிரமே தீர்ந்தது. பஸ் டிரைவரிடம் ஒருவர் நிற்கிறீரா என்றார், நின்றது, இன்னொருவர் போகலாமா என்றார், போனது, பாதிப் படியில் இருந்தவர் கீழே விழுந்தார். கடைசியாகக் கேட்டவருக்கே கடைசிச் சரி என்று ஊர் விதி எழுதிக்கொண்டது.

இதற்கெல்லாம் நடுவில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். தன் வாயில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. எங்க போன்லயும் அந்த ஸ்கிரிப்டைப் போட்டுத் தாறியாக்கா என்று ஒரு பையன் கேட்டான், மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சரி என்று வந்தது. அவனுக்குப் போட்டுத் தந்தாள். அவன் அம்மாவுக்கும் அவன் மாமாவுக்கும் போட்டுத் தந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுத் தந்தாள். ஒவ்வொரு போனும் பக்கத்துப் போனைத் தேடிப் பிடித்துக் கைகோத்துக்கொண்டது, சுண்ணாம்பு வட்டம் போதாமல் போய், ஒரு வீட்டைத் தாண்டி மறு வீடு, ஒரு தெருவைத் தாண்டி மறு தெரு என்று ஊர் முழுக்க அந்தச் சரிக்குள் வந்துவிட்டது. அந்த ஆவணியில் ஊசிப்பாறையில் யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. சண்டை இல்லை. எங்கே பார்த்தாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டு போனார்கள், ராத்திரி படுக்கையில் புரளும்போது மட்டும் தாடை வலிக்கிறது என்று பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள்.

நிறுத்திவிடவேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை எழுந்தாள். லேப்டாப்பை அணைத்தாள், ஊரிலுள்ள போன்கள் சும்மா இருக்கவில்லை. வாருங்கள், எல்லாவற்றிலிருந்தும் அழித்துத் தருகிறேன் என்று தெருவில் இறங்கினாள், எதிரே வந்த கொம்பையா, "இருந்துட்டுப் போகட்டுமே தாயி, என்ன?" என்றார், அவள் சரி என்று சொல்லித் திரும்பி வந்தாள். ஊரைவிட்டே போய்விடலாம் என்று பையைத் தூக்கினாள், எங்கே போற, இருக்கியா என்று அம்மா கேட்டாள், பையை இறக்கி வைத்தாள். தானும் எதிர்க்கேள்வி கேட்டு அவர்களை மடக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுத்தே பழகியவளுக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. பயமாக இருந்தது அவளுக்கு, வெறும் பயம், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது வருகிற பயம்.

கொம்பையாவின் மகள் முப்பிடாதி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் ஊரைப் பார்த்துவிட்டு மறுநாளே ஓடப் பார்த்தாள், இருக்கியா என்று வீட்டில் கேட்டதால் இருந்தாள். பக்கத்து ஊரில் காற்றாடிக்கு எண்ணெய் போடுகிற ஒருவனை அவள் கட்டிக்கொள்வதாக இருந்தது, அவன் எந்தத் தெரு என்று சொன்னால் ஊசிப்பாறையில் வெற்றிலை துப்பிவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். அது எப்படியோ கொம்பையாவின் காதுக்குப் போயிற்று. ஒரு சாயங்காலம், பொழுது இன்னும் இறங்கவில்லை, முப்பிடாதி பின்வாசல் வழியாகக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் வந்து விழுந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, என்னைய ஒளிச்சு வைப்பியா?"

"சரி," என்றாள் செண்பகம். அந்த ஒரு தடவை சரி என்று சொல்ல அவளுக்கு வலிக்கவில்லை. பேப்பர் கட்டு வைக்கிற பீரோவுக்குப் பின்னால் அவளை உட்காரவைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டாள். சாக்கின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது.

"செண்பகம், எம் மக உள்ள இருக்காளா?" கொம்பையா குரலை உயர்த்தவே இல்லை.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாக வந்தது, "ஆமா."

"உள்ள வரட்டுமா?"

"சரி."

பீடத்துக்கு முன்னால் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டம் கூடியிருந்தது, வாறீகளா என்று யாரோ கேட்டிருப்பார்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். கோயில் கிணறு பீடத்துக்குப் பின்னால், படிக்கட்டு இல்லாத ஆழக் கிணறு. கொம்பையா மகளை அடிக்கவில்லை, ஏசவில்லை. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பெற்ற தகப்பன், சின்ன வயதில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"தாயி, நம்ம குடும்ப மானத்துக்காவ நீ இந்தக் கிணத்துல இறங்கிருதியா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் முப்பிடாதியின் தலை ஆடிவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தலை மட்டும் சரி சரி என்று ஆடியது. கொம்பையா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் பாத்துக்கிட்டிய. நான் தள்ளல. அவளே சம்மதிச்சுட்டா," என்றார். முப்பிடாதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றைப் பார்த்து நடந்தாள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர்கள்தான். நில்லு, நிக்கியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றிருப்பாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செண்பகவல்லி வாசற்படியிலிருந்து இறங்கினாள். கேட்டுப் பழக்கமில்லாத வாயிலிருந்து வார்த்தையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

"முப்பிடாதி, நிக்கியா?"

முப்பிடாதி நின்றாள்.

"பெரியப்பா," என்று கொம்பையாவைப் பார்த்துக் கத்தினாள் செண்பகம், "அவள விட்டுருவீகளா?"

கொம்பையாவின் முகம் கறுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, அவருடைய தலை அவர் பேச்சைக் கேட்காமல் மேலும் கீழும் ஆடியது. "சரி," என்றார். தன் குரலைத் தானே கேட்டு அவர் மிரண்டுபோனதை ஊர் பார்த்தது.

"முப்பிடாதி, பஸ்ல ஏறி ஓடிருதியா? திரும்பிப் பாக்காம போயிருதியா?"

சாயங்கால பஸ் வேப்பமரத்தடியில் உறுமிக்கொண்டு நின்றது. செருப்பைக் கூட எடுக்காமல் ஓடினாள் அந்தப் பெண். டிரைவரிடம் என்ன கேட்டாளோ, பஸ் கிளம்பியது. கொம்பையா பஸ்ஸை நோக்கித் திரும்பி வாயைத் திறப்பதைச் செண்பகம் பார்த்தாள், நிப்பாட்டுதியா என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் திரும்பவும் கிணற்றடிக்கு வந்துவிடுவாள். இவள் கேட்டு அவள் போக, அவர் கேட்டு அவள் வர, இந்தச் சரி உயிரோடு இருக்கிற வரைக்கும் அதற்கு ஒரு முடிவே கிடையாது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எல்லாரும் உங்க போனை இப்பமே இந்தக் கிணத்துல போட்டுருவீகளா?"

சரி என்றது ஊர், ஒரே குரலாக. கொம்பையாவும் சரி என்றார். வரிசையாக வந்து போட்டார்கள். அரைஞாணில் செருகியிருந்தது, ரவிக்கைக்குள் இருந்தது, வீட்டில் சார்ஜில் கிடந்தது, எல்லாவற்றையும் ஓடிப் போய் எடுத்துவந்து போட்டார்கள், தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கியது. செண்பகம் மாடியேறிப் பிஸ்கட் டப்பாவோடு தன் போனைக் கொண்டுவந்து போட்டாள். லேப்டாப்பையும் போட்டாள், பத்து வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அது. அதற்குள் பஸ் காற்றாடிகளைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறிக் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

கடைசிப் போனும் முங்கிய பிறகு என்னவோ விட்டுப்போனதை எல்லாரும் உணர்ந்தார்கள். தாடை இளகியது. ஒருத்தி தன் குழந்தையிடம் வீட்டுக்குப் போவமா என்று கேட்டாள், குழந்தை "மாட்டேன்" என்றது. சின்னச் சத்தம்தான். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். செண்பகவல்லி அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு ஓசை வராமல் சொல்லிப் பார்த்தாள், மாட்டேன், மாட்டேன், வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாளில் அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

கொம்பையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை அசைத்துப் பார்த்தார், தலை அவர் சொன்னபடி கேட்டது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகம், எம் மக எங்க போறா?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் அவள், தலை நிமிர்ந்து.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. அவர் அவளை விட்டுவிட்டு ஊரைப் பார்த்துத் திரும்பினார். அந்தப் பழைய, அமைதியான குரல்.

"நம்ம வீட்டுப் புள்ளைய ஊர் மத்தியில வச்சு அனுப்பிவிட்டுட்டா இவ. மாடன் முன்னால ஒரு உசிரு கேட்டாச்சு, கேட்டது கேட்டதுதான். அவ இடத்துல இவள இறக்கிருவமா?"

இந்தத் தடவை அவர் கேட்டு முடிப்பதற்குள் யார் தலையும் ஆடவில்லை. செண்பகத்துக்குத் தைரியம் வந்தது, இப்போது யார் வாயையும் யாரும் பிடித்திருக்கவில்லை, இத்தனை பேருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியும், குழந்தைக்கே தெரிகிறதே. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் பெண்ணின் பரீட்சை ரிசல்ட்டை அவள் முதலில் வாசித்துச் சொன்னாளோ அந்த முகம். யாருடைய முதியோர் பென்சனுக்காக அவள் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாளோ அந்த முகம். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தது. பிச்சுமணியின் முகம் மட்டும் கொஞ்சம் நின்றது. அவன் உதடு அசைந்தது, அவன் பெண்டாட்டி பக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவன் கொம்பையாவைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், தன் வெறும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான்.

"சரி," என்றான் பிச்சுமணி.

அப்புறம் அவன் பக்கத்தில் நின்றவர் சரி என்றார். அதற்கப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், யோசித்துத்தான் சொன்னார்கள்.